ஃபேமிலி ரூம் மாடியில் இருக்கிறது

என் சாப்பாட்டு டப்பா அன்றைக்கு ஜெனரேட்டர் மேல் இருந்தது. காலையில் வந்ததும் வழக்கம்போல அலுவலகத்துச் சமையலறையில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்து அலமாரியில்தான் வைத்திருந்தேன். டீ எடுக்கப் போனபோது காணவில்லை. தேடிக்கொண்டே பின்கதவு வழியாக வெளியே வந்தால், கொளுத்தும் வெயிலில் ஜெனரேட்டரின் தகர மூடி மேல் என் எவர்சில்வர் டப்பா பளபளத்துக்கொண்டிருந்தது. தொட்டால் கை சுட்டது. திறந்து பார்த்தேன். நெத்திலிக் கருவாட்டுக் குழம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை வெயில் என்ன செய்துவிடும்? சோறுதான் வேர்த்துப் பிசுபிசுத்து, வாயில் வைக்க முடியாதபடி போயிருந்தது.

எங்கள் அலுவலகம் வாய்க்காலுக்குக் கிழக்கே, மஞ்சள் சுவர்களும் உயரமான கதவுகளும் உள்ள ஒரு பழைய வீட்டில் இருக்கிறது. அந்த மாதிரியான வீடுகளைப் புதுப்பித்து விடுதியாகவும் உணவகமாகவும் மாற்றித் தருவதுதான் எங்கள் வேலை. முதலாளி கட்டட வடிவமைப்பாளர். நான் கம்ப்யூட்டரில் பிளான் வரைபவள். என் மகள் எல்.கே.ஜி. போன காலத்தில் சேர்ந்தேன். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். அந்த அலமாரியில் என் டப்பாவை யாரும் அதுவரை தொட்டதில்லை.

புதிதாக வந்திருந்த மேனேஜர் அம்மாவின் மேசைக்குப் போனேன்.

"மேடம், என் சாப்பாடு எப்படி வெளிய போச்சு?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். குரலை உயர்த்துகிறவர் இல்லை. எப்போதும் ஒரே மாதிரி, ஏ.சி. காற்று போலப் பேசுவார்.

"நான்தான் வெக்கச் சொன்னேன். தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்மெல் ஹால் வரைக்கும் வருது. இன்னும் கொஞ்ச நேரத்துல கிளையண்ட்ஸ் வர்றாங்க. இனிமே பேன்ட்ரில வெஜ் மட்டும்னு வெச்சுக்கலாம். உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்தான்."

எல்லாருக்கும் என்றால், மீன் எடுத்து வருகிறவர்கள் நானும் வரவேற்பில் உட்காரும் பெண்ணும்தான். அந்தப் பெண் பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ் பிடித்து வருகிறாள். அவள் வீட்டில் மீன் இல்லாத நாள் என்றால் அது அவள் அப்பா கடலுக்குப் போகாத நாள்.

அந்த நேரத்தில் முதலாளி தன் அறையிலிருந்து வெளியே வந்தார். விஷயம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். கையிலிருந்த பிளான் தாளைச் சுருட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா. இன்னிக்கு வர்றது நல்ல புராஜெக்ட்" என்றார்.

"சரி சார். நான் வெளிய சாப்புட்டுக்கறேன்."

சொல்லிவிட்டு நேராகக் கழிவறைக்குப் போனேன். எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, கூச்சம். கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு என் புடவைத் தலைப்பை எடுத்து முகர்ந்து பார்த்தேன். தலைமுடியை முன்னால் இழுத்து முகர்ந்தேன். ஷாம்பு வாசனைதான் வந்தது. இத்தனை வருஷமும் என்னிடமிருந்து ஏதோ நாற்றம் அடித்து, எல்லாரும் மரியாதைக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தார்களோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கண்ணாடியில், தன் தலைமுடியையே முகர்ந்துகொண்டு நிற்கும் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணைப் பார்த்தபோதுதான் கோபம் வந்தது. நான் எதற்கு என்னை முகர்ந்து பார்க்க வேண்டும்?

சாப்பாட்டு நேரத்தில் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதற்குள் சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியாகிவிட்டது. 'சைவ உணவு மட்டும். ஒத்துழைப்புக்கு நன்றி.' நான் எங்கே ஒத்துழைத்தேன்?

வாய்க்காலைத் தாண்டி மேற்கே நடந்தேன். எங்கே போகிறேன் என்று தீர்மானிக்கவில்லை. அலுவலகத் தெருவில் வரிசையாக உணவகங்கள் உண்டு. வாசலில் கரும்பலகையில் சாக்பீஸால் பெயர் எழுதி, சரக்கொன்றை மரத்தடியில் நாற்காலி போட்டிருப்பார்கள். அவற்றில் இரண்டுக்கு நானே பிளான் வரைந்திருக்கிறேன். ஆனால் எனக்கு அன்றைக்குச் சோறும் மீனும்தான் வேண்டும். வேறு எதைச் சாப்பிட்டாலும் அந்தத் தாளுக்குக் கீழ்ப்படிந்த மாதிரி ஆகிவிடும் என்று பட்டது.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மீன் சாப்பாட்டு மெஸ் இருப்பது தெரியும். காய்கறி வாங்க வரும்போதெல்லாம் சந்து முனையில் மீன் வறுக்கிற வாசனை வந்து மோதும். உள்ளே போனதில்லை. முதலியார்பேட்டையில் பிறந்து, இதே ஊரில் வளர்ந்து, இதே ஊரில் கல்யாணமும் ஆகி, ஒரு தடவைகூட நான் ஓட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பசி தாங்காத நாட்களில் பேக்கரியில் நின்றபடி ஒரு பப்ஸைக் கடித்திருக்கிறேன். உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. சொல்ல வேண்டிய தேவையே வராதபடி நானே நடந்துகொண்டிருக்கிறேன்.

மெஸ் ஒடுங்கலாக, ரயில் பெட்டி மாதிரி நீண்டிருந்தது. இரண்டு பக்கமும் நாலு பேர் உட்காரும் எவர்சில்வர் மேசைகள். மேலே மின்விசிறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. சுமை தூக்குபவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், பேன்ட் சட்டையில், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும் பையன்கள், எல்லாரும் ஆண்கள். நான் படியேறியதும் பேச்சு நின்றுவிடவில்லை. ஆனால் சத்தம் ஒரு மாத்திரை குறைந்தது.

பரிமாறுகிறவர் குழம்பு வாளியோடு ஓடி வந்தார்.

"பார்சலாக்கா?"

"இல்ல. சாப்புடணும்."

அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "கூட யாருக்கா?"

"யாரும் இல்ல."

அவர் கல்லாவைப் பார்த்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த கடைக்காரர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, சிரித்த முகமாகவே சொன்னார்: "ஃபேமிலி ரூம் மாடில இருக்கும்மா. அங்க போயி ஒக்காருங்க. எல போட அனுப்பறேன்."

சரி என்று போனேன். குறுகலான படிக்கட்டு. மேலே கதவைத் தள்ளினால் பாதிக்கு மேல் திறக்கவில்லை. உள்ளே வெங்காய மூட்டைகள். மூட்டைகளுக்கு நடுவே ஒரு நீள மேசை, அதன் மேல் ஒருவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். சமையல்காரராக இருக்க வேண்டும். மின்விசிறி இருந்த இடத்தில் கொக்கி மட்டும் தொங்கியது. எத்தனையோ பிளான்களில் 'ஃபேமிலி' என்று எழுதி ஓர் அறையைக் கட்டம் கட்டிக் காட்டியிருக்கிறேன். கடைசியில் அது என்ன ஆகிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

இறங்கி வந்தேன். வாசலுக்குப் போகத்தான் கால் முதலில் திரும்பியது. வெளியே வெயில். பேக்கரி நாலு கடை தள்ளித்தான். ஒரே நாளில் இரண்டாம் தடவை ஓர் இடத்திலிருந்து என்னை நானே வெளியே எடுத்து வைப்பதா? நடுவில் ஒரு மேசை காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, மாடில..." என்று கல்லாக்காரர் ஆரம்பித்தார்.

"பாத்துட்டு வந்தேன். மேல வெங்காயத்துக்குத்தான் எடம் இருக்கு. எனக்கு இல்ல."

பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்துவிட்டார். கல்லாக்காரர் சிரிக்கவில்லை. இருந்தாலும் இலை வந்தது. தண்ணீர் தெளித்துத் துடைத்தேன்.

அடுத்த சிக்கல், என் மேசையில் யாரும் உட்காரவில்லை. கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. வாசலில் ஆட்கள் நின்றார்கள். உள்ளே எட்டிப் பார்ப்பார்கள், மூன்று நாற்காலி காலி என்று வருவார்கள், என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்ச் சுவரோரம் நிற்பார்கள். நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு முழுக்கக் கண்கள் ஊர்வது போல இருந்தது.

கல்லாக்காரர் எழுந்து வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தப்பா நெனைக்காதம்மா. பீக் அவரு. நாலு பேரு ஒக்கார்ற மேச. நீ ஒருத்தி ஒக்காந்தா மத்தவன் ஒக்கார மாட்டான். பார்சலா கட்டிக் குடுத்துட்றேன். மீனு ரெண்டு துண்டு சேத்து வெக்கச் சொல்றேன்" என்றார்.

தப்பா எடுத்துக்காதீங்க, தப்பா நெனைக்காதம்மா. காலையிலிருந்து எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள்.

"நான் ஒரு நாக்காலிலதாங்க ஒக்காந்துருக்கேன். மூணு காலியாத்தான் இருக்கு. ஒக்கார மாட்டேன்னு நிக்கிறது அவங்க. அவங்களக் கேளுங்க."

வேண்டுமென்றேதான் சத்தமாகச் சொன்னேன். வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். கல்லாக்காரர் முகம் சுருங்கியது. அப்போது, சுவரோரம் நின்றவர்களை விலக்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, தலையில் தொப்பி. பார்த்ததுமே தெரிந்தது, சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

"எவ்ள நேரம்டா நிக்கிறது? அந்தம்மா இன்னா புலியா?" என்று யாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழங்கை என் டம்ளரில் இடித்தது. "பர்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்மேல் பரிவு காட்ட வந்தவர் இல்லை அவர். அவருக்குப் பசி, அவ்வளவுதான். எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

அவர் உட்கார்ந்த பின் ஓர் ஆட்டோ ஓட்டுநர் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார். இலையில் மீன் விழுந்ததும் நேராகத் திரும்பிவிட்டார்.

அந்தச் சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. உதிரி உதிரியாகச் சோறு. மாங்காய் போட்ட சங்கரா மீன் குழம்பு, மேலே எண்ணெய் பிரிந்து சிவப்பாக நின்றது. ஓரம் முறுகி நடு வெந்த வஞ்சிரம் துண்டு. முட்டைக்கோஸ் பொரியல் ஒன்று, அதை யாரும் தொடவில்லை, நானும் தொடவில்லை. குழம்பு என் வீட்டுக் குழம்பைவிட நன்றாக இருந்தது. ஒப்புக்கொள்வதில் எனக்கு வருத்தம் இல்லை.

இரண்டாம் தடவை சோறு கொண்டுவந்தவர் சொல்தாவுக்குப் போட்டார், ஆட்டோக்காரருக்குப் போட்டார், என் இலையைத் தாண்டிப் போய்விட்டார். பெண்பிள்ளைக்கு ஒரு தடவை போதும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ. காத்திருந்தேன். திரும்பி வரும்போதும் தாண்டிப் போனார். அந்த இடத்தில் ஆண்கள் எல்லாரும் வாயைத் திறந்து "சோறு!" என்று கூப்பிடுகிறார்கள். நாலு பேர் நடுவில் எனக்குச் சோறு வேண்டும் என்று சத்தம் போட்டுக் கேட்க ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அன்றைக்கு முன்னால் எனக்குத் தெரியாது. வீட்டில் எல்லாருக்கும் நான்தான் சோறு போடுகிறவள். கேட்டுப் பழக்கமே இல்லை.

"சோறு!" என்று கூப்பிட்டேன்.

கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன் போலிருக்கிறது. ஆட்டோக்காரர் திடுக்கிட்டார். பரிமாறுகிறவர் ஓடி வந்து, "சாரிக்கா" என்று இரண்டு கரண்டி போட்டார். "இன்னும் ஒண்ணு" என்றேன். அதுவும் போட்டார்.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தேன். தொட்டி உள்ளே, சமையலறைக் கதவருகே இருந்தது. அங்கே தூணுக்குப் பின்னால், வாசலிலிருந்து பார்த்தால் தெரியாதபடி ஓர் ஒற்றை மேசை. ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த நீலக் கோடு போட்ட சட்டையைக் காலையில்தான் பார்த்திருந்தேன்.

"சார்" என்றேன்.

என் முதலாளி திரும்பினார். வாயில் ஒரு நண்டுக் கால். விரல் பத்திலும் மசாலா. மறைக்க இடம் இல்லை.

"நீ... இங்கயா?"

"ஆமா சார். நீங்க?"

"மீட்டிங் முடிஞ்சுது. சும்மா, இந்தப் பக்கம்..."

பரிமாறுகிறவர் எங்களுக்குள் புகுந்தார். "சார தெரியுமாக்கா? சாரு தெனம் வர்றவரு. அவருக்குன்னு நண்டு எடுத்து வெச்சுருவோம்."

இன்றைக்கு இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. தினமும் இங்கே வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து நண்டு உறிஞ்சிவிட்டு, ஏலக்காய் மென்றுகொண்டு போய், என் டப்பா வெயிலில் காய்ந்தது தெரிந்தும் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா என்று சொல்லியிருக்கிறார். மீன் வாசனை அவருக்கு ஆகாதது இல்லை. அது அவர் பெயரோடு ஒட்டக் கூடாது, அவ்வளவுதான்.

"சாப்புடுங்க சார், ஆறிடப் போவுது" என்றேன். தொட்டியில் சோப்பு இருந்தது. நான் போடவில்லை. வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டு வந்தேன். அன்று மதியம் முழுக்கக் கீபோர்டில் என் விரல் பட்ட இடமெல்லாம் வஞ்சிரம் மணத்தது.

நாலு மணிக்கு முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவை அவரே சாத்தினார்.

"ஒண்ணு பண்ணும்மா. நீ இந்த ரூம்ல வெச்சு சாப்புட்டுக்க. மதியத்துல நான் இருக்க மாட்டேன். கதவ சாத்திக்க. மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"எனக்கு மட்டுமா சார்?"

"உனக்கு மட்டும்தான். எவ்ள வருஷமா இருக்க."

"வேணாம் சார்."

"ஏம்மா?"

"கதவ சாத்திக்கினு சாப்புடற மாரி நான் எதுவும் எடுத்தாரல சார்."

அவர் முகம் சிவந்தது. பேனாவை மூடினார், திறந்தார். "அந்த மெஸ் விஷயம்... வெளிய..."

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் சார். சொல்றதுன்னா நீங்கதான் சொல்லணும்."

இப்படிப் பேசுவேன் என்று அதுவரை எனக்கே தெரியாது. வெளியே வந்து என் மேசையில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பிளானை வரைய ஆரம்பித்தேன். வேலை போனால் போகட்டும் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் சொன்னது சொன்னதுதான்.

இரவு வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தனியாவா போன? எல்லாரும் பாத்துருப்பானுங்களே" என்றார்.

"பாத்தாங்க" என்றேன். "மூணு கரண்டி சோறு கேட்டு வாங்கித் தின்னேன்."

அடுத்த நாள் மெஸ்ஸுக்கு வரவேற்புப் பெண்ணையும் கூப்பிட்டேன். முதலில் அவள் மாட்டேன் என்றாள். மீன் போட அவள் ஊர் ஆட்கள் அங்கே வருவார்கள், அப்பாவிடம் சொல்லிவிடுவார்கள் என்றாள். மூன்றாம் நாள்தான் வந்தாள். குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "மீனு நேத்து புடிச்சதுக்கா" என்று பரிமாறுகிறவர் காதுபடவே சொன்னாள். அவர் அன்றிலிருந்து அவளுக்குப் பயந்தார். முதலாளியை அதன்பின் அந்த மெஸ்ஸில் நாங்கள் பார்க்கவில்லை. தூணுக்குப் பின்னால் வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.

தாள் சுவரில் அப்படியே இருந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மார்க்கெட் சந்தில் முழங்கால் தண்ணீர் என்றார்கள். அன்றைக்கு வீட்டிலிருந்தே டப்பா கொண்டுவந்திருந்தேன். இறால் தொக்கு. நன்றாகச் சூடு பண்ணி, அந்தத் தாளுக்கு நேர் கீழே உட்கார்ந்து திறந்தேன். வரவேற்புப் பெண்ணும் தன் டப்பாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேனேஜர் அம்மா வந்து நின்றார். "நோட்டீஸ் படிச்சீங்கல்ல?"

"படிச்சேன் மேடம். மழ."

"ரூல்னா ரூல்தானே?"

"ஆமா மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாய் எடுத்து வைத்தேன்.

அவர் முதலாளியை அழைத்து வந்தார். முதலாளி கதவருகே நின்றார். என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, "நானும் மீன் சாப்புடறவன்தான் மேடம். அத எடுத்துருங்க" என்றார்.

மேனேஜர் அம்மா தாளைக் கிழிக்கவில்லை. நாலு மூலையிலும் டேப்பைப் பொறுமையாக உரித்து, மடித்து எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் என்னோடு வேலை விஷயம் தவிர எதுவும் பேசுவதில்லை. எனக்கும் அவரிடம் பேச வேறு எதுவும் இல்லை. ஒரு வாசனை தனக்குப் பிடிக்கவில்லை என்றால் ஜன்னலைத் திறந்து வைப்பது அவர் உரிமை. என் சோற்றை வெயிலில் வைப்பது இல்லை.

டப்பா கொண்டுவர முடிகிறதே என்று மெஸ்ஸை நாங்கள் விடவில்லை. வாரத்தில் ஒரு நாள் கண்டிப்பாகப் போவோம். பக்கத்துத் துணிக்கடைப் பெண்கள் இருவர் சேர்ந்துகொண்டார்கள். நாலு பேர், ஒரு மேசை, கல்லாக்காரருக்குக் குறை சொல்ல வழி இல்லை.

போன கோடைக்கு முன் ஒரு நாள் அவர் எங்களைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார். "அம்மா, மேல வந்து பாருங்க. ஒங்களுக்காகத்தான் பண்ணேன்" என்றார். போய்ப் பார்த்தோம். மூட்டைகளைக் காணவில்லை. சுவருக்கு ரோஸ் கலர் அடித்து, புது மேசை போட்டு, ஏ.சி. மாட்டியிருந்தார். கதவில் 'பெண்கள் மற்றும் குடும்பத்தினருக்கு' என்று எழுதியிருந்தது. அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

"ரொம்ப நல்லாருக்கு. ஆனா நாங்க கீழயே ஒக்காந்துக்கறோம்" என்றேன்.

"ஏம்மா? ஏ.சி. போட்டுருக்கேன்."

"வேணுங்கறவங்க ஒக்காரட்டும். எங்களுக்குக் கீழ எடம் இருக்கு."

அவருக்குப் பெரிய வருத்தம். இரண்டு வாரம் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாடி சும்மா கிடந்தது. வெயில் ஏற ஏற, கழுத்தட்டைப் பையன்கள் ஒருவர் பின் ஒருவராக மேலே போக ஆரம்பித்தார்கள். இப்போது அந்த அறை முழுக்க ஆண்கள்தான். கதவில் எழுதியிருப்பதை அவர்கள் படிப்பதாகத் தெரியவில்லை, அவரும் எழுப்பி அனுப்புவதில்லை.

கத்திரி வெயிலில் ஒரு நாள், கீழே மின்விசிறி அனலை வாரி இறைத்தபோது, மேலே போனால்தான் என்ன என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. துணிக்கடைப் பெண் ஒருத்தி படிக்கட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ வேணா போ" என்றேன். அவள் போகவில்லை. நானும் போகவில்லை. நெற்றி வேர்வையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சோறு கேட்டேன்.